விழாமலே முறிந்த எலும்பு

எலும்பு மருத்துவர் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர்களையும் தென்னையால் விழுந்தவர்களையும் அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன். அவர்களுடைய எலும்பு ஏன் முறிந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பெரிதாக எதுவும் நடக்காமலே முறிந்தவர்களுக்கு மட்டும் இங்கே பதில். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

டொக்டர் ஐயா, என் அம்மாவுக்கு 62 வயது. ஆறு வருடங்களுக்கு முன் மார்பில் புற்றுநோய் என்று சத்திர சிகிச்சை செய்து மருந்தும் ஏற்றினார்கள். மாத்திரை குடித்துக்கொண்டு கிளினிக் போய்வந்தார். கொரோனாக் காலத்தில் விட்ட கிளினிக்கைப் பிறகு தொடரவில்லை. இந்த மாரி தொடங்கியதிலிருந்து வலது தொடையில் நோவு. வாதம் என்று நினைத்தோம். ஊரில் முறிவு நெரிவு பார்க்கும் பரியாரி எண்ணெய் போட்டு உருவிப் பத்துப் போட்டார். போன கிழமை அடுப்படியில் பலகையிலிருந்து எழும்பும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்டது. விழவே இல்லை ஐயா, எழும்பத்தான் பார்த்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. வைத்தியசாலையில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, எக்ஸ்ரே, ஸ்கான், இரத்தம் என்று எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், ஏன் இவ்வளவு நாள் போகிறது ஐயா? பிறகு கம்பி வைக்கவேண்டுமாம். “புற்றுநோயில் கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவும், பிளாஸ்டர் போட்டு வீட்டுக்குக் கொண்டுவா, கடைசிக் காலத்தில் அவளை ஏன் வதைக்கிறாய்” என்கிறார் மாமா. கையெழுத்துப் போடப் பயமாக இருக்கிறது. — ஒரு மகள், மண்டூர்

மகள், கையெழுத்தைப் போடுங்கள். இதழ் அச்சாகி வரும்வரை அம்மாவின் கால் காத்திருக்காது என்பதால் இதை உங்களுக்குத் தொலைபேசியில் முன்பே சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது உங்கள் மாமாவுக்காகவும், ஊருக்கு ஒருவராக இருக்கும் மற்ற மாமாக்களுக்காகவும்.

உடம்பிலேயே பலமான எலும்பு தொடை எலும்பு. நல்ல நிலையில் இருக்கும் தொடை எலும்பை முறிக்க லொறி வந்து மோதவேண்டும். பலகையிலிருந்து எழும்பும்போதே அது முறிகிறதென்றால், அதற்கான வேலை மாரி தொடங்கியபோதே, ஏன் அதற்கும் முன்பே, உள்ளே நடந்துகொண்டிருந்தது. கறையான் உள்ளே தின்றுமுடித்த நிலைக்கால், கதவைச் சாத்துகிற சின்ன அதிர்வுக்குச் சாய்ந்துவிடும். கதவைச் சாத்தியவரை நாம் குற்றம் சொல்வதில்லை. மார்பிலிருந்து இரத்தத்தோடு வந்து எலும்பில் குடியேறும் புற்றுக் கலங்கள் நேராக எலும்பைத் தின்பதுகூட இல்லை. பழைய எலும்பை அரித்துப் புதியதற்கு இடம் செய்வதற்கென்று நம் எலும்புக்குள்ளேயே ஒருவகைக் கலங்கள் இருக்கின்றன. புற்று அவற்றை உசுப்பிவிடுகிறது. அரிப்பு கட்டுமானத்தை முந்திவிடுகிறது. மார்பு, நுரையீரல், சிறுநீரகம், தைரொயிட், ஆண்களுக்கு புரஸ்டேட் சுரப்பி ஆகிய இடங்களில் தொடங்கும் புற்றுநோய்கள் எலும்பைத் தேடிப்போவதில் முன்னிற்பவை. மார்புப் புற்றுநோய்க்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. ஐந்து வருடம், பத்து வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகும் எலும்பில் தலைகாட்டும்.

இனி மாமா கேட்கும் பிளாஸ்டர். தொடையைச் சுற்றித் தசை தடிப்பாக இருப்பதால் அந்த எலும்பைப் பிளாஸ்டரால் அசையாமல் பிடிக்கவேண்டுமானால் இடுப்பிலிருந்து பாதம்வரை கட்டவேண்டும். சிறுபிள்ளைக்கு அது சரி. 62 வயதுப் பெண்ணை மாதக்கணக்கில் அப்படிக் கிடத்தினால் முதுகில் படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும். புற்றுநோயாளருக்கு இரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இவ்வளவையும் தாங்கினாலும் அந்த எலும்பு பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை, ஏனெனில் முறிந்த இடத்தில் இருப்பது நோய். ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் மலம் கழிக்கவைக்கும்போதும் முறிந்த முனைகள் உரசும். வதை என்ற சொல்லை மாமா பயன்படுத்தினார். வதை அதுதான்.

கம்பி வைப்பது வேறு கணக்கு. எலும்பின் நடுக் குழாய்க்குள் இடுப்புப் பக்கமிருந்து நீளமான கம்பியை இறக்கி, மேலே தொடை எலும்பின் கழுத்துக்குள்ளும் கீழே முழங்காலுக்குக் கிட்டவும் ஆணிகளால் பூட்டுவார்கள். முறிந்த இடத்துக்கு மட்டும் கட்டையான கம்பி போதாதா என்று கேட்பார்கள். அதே எலும்பில் வேறிடத்தில் இன்னொரு அரிப்பு இருந்தாலோ பிறகு வந்தாலோ மறுபடியும் மேசையில் ஏற்றக்கூடாது, அதற்காகத்தான் முழு நீளம். பெரிய பள்ளம் இருந்தால் எலும்புச் சீமெந்தை நிரப்புவார்கள். முறிவு இடுப்புப் பந்துக்குக் கிட்ட இருந்தால் பந்தையே மாற்றுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம்தான்: எலும்பு பொருந்தும்வரை காத்திராமல், இயன்றால் அடுத்த நாளே, அம்மா காலை ஊன்றவேண்டும். தானாக மலசலகூடத்துக்குப் போய்வரும் ஒருவருக்கும் படுக்கையில் எல்லாம் நடக்கும் ஒருவருக்கும் வாழ்க்கை ஒன்றல்ல, மிஞ்சியிருப்பது எத்தனை மாதமாகவோ எத்தனை வருடமாகவோ இருக்கட்டும். எலும்புக்கு மட்டும் பரவிய மார்புப் புற்றுநோயோடு வருடக்கணக்கில் நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். ‘கடைசிக் காலம்’ என்று மாமா எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

நாள் ஏன் போகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த நாட்களை வீண் என்று நினைக்காதீர்கள். நோயால் முறிந்த எலும்புக்குள் அவசரப்பட்டுக் கம்பி இறக்குகிறவரைவிட, தாமதிக்கிறவரை நான் நம்புவேன். ஆறு வருடங்களுக்குப் பிறகு ஒரேயொரு எலும்பில் மட்டும் அரிப்பு தெரிந்தால், அது பழைய மார்புப் புற்றுத்தானா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். எலும்பிலேயே பிறந்த புற்றாக இருந்தால், கம்பியும் குடைகிற கருவியும் அதைத் தொடை முழுவதும் இழுத்துவிடும். காப்பாற்றியிருக்கக்கூடிய காலை அதன்பிறகு எடுக்கவேண்டிவரலாம். கத்தி பட்டால் பரவும் என்ற ஊர்ப்பேச்சில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். ஏற்கெனவே இரத்தவழியாக எலும்புக்கு வந்துசேர்ந்துவிட்ட நோய்க்கு அந்தப் பேச்சு பொருந்தாது. ஆகவே சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். அந்தத் துண்டால் இன்னொரு நன்மையும் உண்டு. ஹோர்மோன் மாத்திரைக்கு இந்தப் புற்று இன்னும் கட்டுப்படுமா என்பதை அதிலேயே பரிசோதிக்கலாம். ஆறு வருடத்தில் அது மாறியிருக்கக்கூடும்.

இரத்தத்தில் கல்சியம் பார்த்திருப்பார்கள். எலும்பு கரையும்போது கல்சியம் இரத்தத்தில் ஏறும். தாகம், மலச்சிக்கல், வாந்தி, பேச்சில் தடுமாற்றம் எல்லாம் அதனால் வரலாம். அதைச் சேலைன் ஏற்றி இறக்காமல் மயக்கமருந்து கொடுப்பது ஆபத்து. மற்றத் தொடையையும் மேற்கைகளையும் எக்ஸ்ரே எடுத்ததைக் கண்டு ‘நோகாத இடத்தையும் எடுக்கிறார்களே’ என்று யோசித்திருப்பீர்கள். நாளைக்கு அம்மா ஊன்றுகோலில் நிற்கப்போகிறார். அந்தப் பாரத்தைக் கைகள் தாங்குமா என்று இப்போதே தெரியவேண்டும்.

கம்பியோடு வேலை முடியாது, இதைத்தான் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுகிறார்கள். காயம் ஆறியதும், வழக்கமாக இரண்டு தொடக்கம் நான்கு கிழமைக்குள், கதிர்ச் சிகிச்சை தொடங்கவேண்டும். கம்பி பாரத்தைத் தாங்கும், புற்றை அடக்காது. அடக்காவிட்டால் எலும்பு தொடர்ந்து கரைந்து, ஒருநாள் கம்பியே களைத்து உடையும். நோவுக்காக மட்டுமென்றால் 8 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவை ஒரே தடவையில் கொடுப்பதும் உண்டு. சத்திர சிகிச்சைக்குப் பின் 30 கிரேயைப் பத்து நாட்களாகப் பிரித்துக் கொடுப்பது பரவலான முறை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவேண்டுமா என்பதை அவர்களே சொல்வார்கள். அரிப்பை மந்தமாக்கும் சொலட்ரோனிக் அமிலம் என்ற ஊசியும் போடுவார்கள். அதற்குமுன் அம்மாவைப் பல் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். அந்த ஊசி போட்டபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து, குறைவென்றாலும், உண்டு. மோர்பின் தந்தால் பயப்படாமல் கொடுங்கள். கூடவே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒன்று. இந்தக் கடிதத்தில் என்னை உறுத்துவது ‘மாரி தொடங்கியதிலிருந்து நோவு’ என்ற வரி. எலும்பு முறியுமுன் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் முறிகிறது. அதை அளக்க எங்களிடம் மிரெல்ஸ் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, 1989இல் வந்தது. அரிப்பு எந்த எலும்பில், நோவு எவ்வளவு, எக்ஸ்ரேயில் கறுப்பா வெள்ளையா, எலும்பின் அகலத்தில் எத்தனை பங்கு போய்விட்டது என்ற நான்குக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டுவோம். மொத்தம் 12. ஒன்பதும் அதற்கு மேலும் வந்தால் முறியுமுன்பே கம்பி வைத்துவிடலாம். ஏழும் அதற்குக் கீழும் என்றால் கதிரும் மருந்தும் போதும். எட்டு வந்தால் ஆளைப் பார்த்து முடிவெடுப்போம். காலை ஊன்றும்போது நோகிறதா என்ற கேள்விக்கு அதில் பெரிய இடம் உண்டு. முறியுமுன் வைக்கும் கம்பி சிறிய வேலை, இரத்தம் போவதும் குறைவு, நோயாளி சீக்கிரம் வீடு போவார். ஒருதடவையேனும் புற்றுநோய் வந்துபோனவர், எத்தனை வருடமானாலும், புதிதாக எலும்பு நோவு வந்தால் எண்ணெய்ப் போத்தலை எடுக்குமுன் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடவேண்டும்.

அஸ்ஸலாமு அலைக்கும் டொக்டர். வாப்பாவுக்கு 68 வயது, வேளாண்மை செய்தவர். கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீர் தூக்கும்போது முதுகு பிடித்தது. முதுகெலும்பு ஒன்று நசிந்திருக்கிறது, வயது போன எலும்பு என்று ஓரிடத்தில் கல்சியமும் நோவு மாத்திரையும் தந்தார்கள். மூன்று மாதமாகக் குறையவில்லை. களைத்துப்போகிறார். ஹீமோகுளோபின் 8, ஈ.எஸ்.ஆர். 120, கிரியேட்டினினும் கூடியிருக்கிறது. — சம்மாந்துறை

வஅலைக்கும் ஸலாம், தம்பி. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டமாட்டேன். ஆனால் நசிந்த முதுகெலும்பு, இரத்தக் குறைவு, ஏறிய ஈ.எஸ்.ஆர். (உள்ளே நோய் இருக்கலாம் என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), களைத்த சிறுநீரகம் நான்கும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் ‘வயது’ என்ற விடையோடு நிற்கக்கூடாது. மயலோமா என்ற மச்சைப் புற்றுநோய் இப்படித்தான் வரும். எலும்பு மச்சையில் இருக்கும் ஒருவகைக் கலம் கட்டுமீறிப் பெருகி, எலும்பைத் துளைத்து, தான் சுரக்கும் புரதத்தால் சிறுநீரகத்தையும் அடைக்கிறது. இரத்தத்திலும் சிறுநீரிலும் அந்தப் புரதத்தைத் தேடும் பரிசோதனை இருக்கிறது. பிறகு மச்சையில் ஊசிபோட்டுப் பார்ப்பார்கள். பொது மருத்துவ நிபுணரிடம் இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். எலும்பு ஸ்கான் ‘சுத்தம்’ என்று வந்தால் நிம்மதியடைய வேண்டாம். மயலோமா அந்த ஸ்கானுக்கு அடிக்கடி ஒளித்துக்கொள்ளும்.

டைக்ளோஃபெனக் வகை நோவு மாத்திரைகளை இன்றே நிறுத்துங்கள், சிறுநீரகத்தை அவை இன்னும் கெடுக்கும். பரசிட்டமோல் கொடுக்கலாம். மயலோமாவை வேரோடு ஒழிப்பது அரிது. ஆனால் இன்றைய மருந்துகளால் பல வருடம் அடக்கிவைக்கலாம். முதுகுக்குப் பெரிய சத்திர சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படாது. இடுப்புப்பட்டி, சில வேளை நசிந்த எலும்புக்குள் ஊசியால் சீமெந்து, சில வேளை கதிர்.

முதுகெலும்புக் காசநோயும் நம் பகுதிகளில் இல்லாததல்ல. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு இருந்தால் சொல்லுங்கள். காசம் இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டையும் தின்னும், புற்று பெரும்பாலும் வட்டை விட்டுவைக்கும். படத்தைப் பார்த்ததும் நாங்கள் தேடுவது அதைத்தான். காசம் என்றால் மாத்திரையாலேயே குணமாக்கலாம், மாதக்கணக்கில் விடாமல் குடிக்கவேண்டும்.

கால் விறைத்தால், நடை தள்ளாடினால், சிறுநீர் போக மறுத்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம். நடுச்சாமமானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் நெருக்குப்படும்போது நாளுக்கல்ல, மணித்தியாலத்துக்குக் கணக்கு. நடையோடு வந்தவர்தான் பெரும்பாலும் நடையோடு திரும்புவார்.

எங்கள் குடும்பம் தலைமுறையாக முறிவு நெரிவு வைத்தியம் செய்வது. நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் பரியாரிகளை ஒழிக்கவேண்டும் என்பவர்போல் தெரிகிறது. — ஆரையம்பதி

இல்லை. நான் படுவான்கரையில் வளர்ந்தவன், நெரிந்த கணுக்காலைப் பத்துப்போட்டு ஆற்றிய கைகளைப் பார்த்தவன். நல்ல பரியாரி முதலில் ‘எப்படி விழுந்தாய்?’ என்று கேட்பார். எங்கள் ஆட்களில் சிலர் படத்தை மட்டும் பார்த்துவிட்டு அதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள், அந்த வெட்கம் எனக்கு உண்டு. அந்தக் கேள்விக்கு ‘விழவில்லை’ என்று பதில் வந்தால் உருவாதீர்கள். அதுதான் என் வேண்டுகோள். இரவில் நோவால் விழிக்கிறவர், நாளுக்குநாள் வீக்கம் கூடுகிறவர், முன்பு புற்றுநோய் வந்தவர் இவர்களையும் எக்ஸ்ரேக்கு அனுப்பிவிடுங்கள். எண்ணெயில் குற்றமில்லை, அழுத்தி உருவுவதில்தான். அரித்த எலும்பை அது முறித்துவிடும்.

என் மகனுக்கு 10 வயது. கிரிக்கெட்டில் பந்தை எறிந்தபோதே மேற்கை முறிந்துவிட்டது. எலும்புக்குள் நீர்ப்பை என்கிறார்கள். புற்றுநோயா? — ஒரு தாய், வாழைச்சேனை

பெரும்பாலும் இல்லை, தங்கச்சி. வளரும் பிள்ளைகளின் தோள்மூட்டுக்குக் கீழே நீர்நிறைந்த பை வருவது நாங்கள் அடிக்கடி காண்பது. படத்தில் அதன் தோற்றமே போதும், பல தடவை துண்டுகூட எடுக்கமாட்டோம். முறிவு கைத்தூக்கில் வழக்கமான நேரத்தில் பொருந்திவிடும். முறிந்த அதிர்ச்சியிலேயே பையில் எலும்பு நிரம்பி மூடிப்போவதும் சிலருக்கு நடக்கும், ஆனால் அதை நம்பியிருக்க முடியாது. பொருந்தியபின் பை பெரிதாகவே இருந்தால் ஊசிமருந்து போடலாம், அல்லது சுரண்டி எலும்புத்தூள் நிரப்பலாம். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலானவை தாமாகவே அடங்கும். பந்து எறிவதை வைத்தியர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். அவன் சண்டை பிடிப்பான், பிடிக்கட்டும்.

எனக்கு 71. போன வருடம் மணிக்கட்டு, இந்த வருடம் இடுப்பு, இரண்டும் முற்றத்தில் சறுக்கியதால். இடுப்புக்குப் பந்து மாற்றியாகிவிட்டது. கிழமைக்கு ஒன்று என்று எலும்பு மாத்திரை தந்தார்கள், நெஞ்செரிவு தாங்காமல் நிறுத்திவிட்டேன். தயிரும் குரக்கனும் போதாதா? — கல்லடி

போதாது அக்கா. நம்மூர் எருமைத் தயிரை நான் எந்த மாத்திரைக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் இன்னும் நல்லது. ஆனால் இவை கல் மணல். உங்களுக்கு இப்போது தேவை, எலும்பை இடிக்கிற வேலையை நிறுத்தும் மருந்து. நின்ற உயரத்திலிருந்து சறுக்கி மணிக்கட்டு முறிந்த அன்றே அது தொடங்கியிருக்கவேண்டும். மணிக்கட்டைப் பொருத்தியவர்கள் அதைச் சொல்லவில்லையென்றால் அது உங்கள் பிழையல்ல.

மாத்திரை எப்படிக் குடித்தீர்கள் என்று எழுதவில்லை, ஊகிக்கிறேன்: பிளேன்டீயோடு, பிறகு மறுபடி படுக்கை. அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராமை விடியலில் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்கவேண்டும். அரை மணித்தியாலம் நிமிர்ந்தே இருக்கவேண்டும், தேநீரும் சாப்பாடும் அதன்பிறகு. அப்படியும் எரிந்தால் வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஊசி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் என்ற இன்னொன்றும் உண்டு, அதைத் தொடங்கினால் சொல்லாமல் நிறுத்தாதீர்கள், நிறுத்தியபின் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசிந்தவர்கள் இருக்கிறார்கள். எதற்கும் முன் கிரியேட்டினின், விற்றமின் டி இரண்டையும் பாருங்கள். தெஹியத்தகண்டிப் பக்கம்போல் சிறுநீரக நோய் பரவலாக உள்ள இடங்களில் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவேண்டும். சிறுநீரகம் பழுதானவரின் எலும்பு வேறு காரணத்தால் மெலிகிறது, அவருக்கு இந்த மாத்திரையே ஒத்துவராமல் போகலாம்.

வருடக்கணக்கில் இந்த மருந்துகளில் இருப்பவருக்குத் தொடையின் வெளிப்பக்கமோ கவட்டோ நோகத் தொடங்கினால் அதையும் எக்ஸ்ரே எடுங்கள். மிக அரிதாக, மருந்தே தொடை எலும்பில் ஒரு கீறலை உண்டாக்கும். இதைக் கேட்டுவிட்டு மாத்திரையைக் குப்பையில் போடவேண்டாம், அது தடுக்கிற முறிவுகள் அது தருவதைவிட எத்தனையோ மடங்கு. முற்றத்துப் பாசியையும் யாரையாவது கொண்டு தேய்த்துவிடுங்கள்.

நோயால் முறிந்த எலும்புக்கு வைத்த கம்பியைப் பிறகு எடுக்கவேண்டுமா? — களுதாவளை

வேண்டாம். இளைஞருக்கு விபத்தில் வைத்த கம்பியைச் சில வேளை எடுப்போம். இது அங்கேயே இருக்கட்டும். கிருமி தொற்றினாலோ கம்பி உடைந்தாலோதான் யோசிப்போம். எம்.ஆர்.ஐ. எடுக்கவும் பெரும்பாலும் தடையில்லை, உள்ளே கம்பி இருப்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.